மூச்சு வாங்கிய இடத்தில் ஓர் அரண்மனை

பதுளை பழைய அரண்மனைகளும் தோட்டங்களும் உள்ள மலையூர் என்றும், அதை நடந்தே பார்த்துவிடலாம் என்றும் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு துரை எழுதிவிட்டுப் போய்விட்டார். தோட்டம் உண்டு. நடக்கவும் முடியும். அரண்மனைதான் கிடையாது. இல்லாத அந்த ஒன்றைக் காட்டுவதற்காகவே பயணிகள் தங்கும் வாடிவீட்டில் என்னை இருபத்தெட்டு வருடம் வேலைக்கு வைத்திருந்தார்கள்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் மோட்டார் காரில் ஏறி ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றி முடித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "கார்ல போறவங்க கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நினைச்சோம், ஐயா. இன்னும் அதிகமாக் கேக்கிறாங்க. நீங்க நடந்து காட்டின காலத்துல என்ன செய்வீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். என் முழங்கால்களுக்கு எழுதத் தெரிந்திருந்தால் அவையே நல்ல நூல் ஒன்று எழுதியிருக்கும். தெரியாததால் நான் எழுதுகிறேன்.

என் தகப்பனார் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கற்ற ஆங்கிலம் கடைக்குப் பயன்படவில்லை. கடை எனக்குப் பயன்படவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்ததால் எந்த வேலைக்கும் உதவாதவன் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஏற்ற வேலை ஒன்று இருப்பதாக வாடிவீட்டுப் பொறுப்பாளர் கந்தையாபிள்ளை சொல்லியனுப்பினார். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ரயில் பண்டாரவளையோடு நின்ற காலம் அது. விருந்தினர்கள் அங்கிருந்து குதிரை வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்து சேருவார்கள். மறுநாள் காலை அவர்களை நடத்திக்கொண்டு போய் ஊரைக் காட்டுவது என் பொறுப்பு.

கந்தையாபிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் வேட்டியும் தலைப்பாகையுமாக, இஸ்திரி போட்ட செய்தித்தாள் மாதிரி இருப்பார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. கோபம் வரும்போது ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை எடுத்துத் தோல் அறாமல் ஒரே சுருளாக உரிப்பார். தோல் முழுசாக மேசையில் விழும்வரை பேசமாட்டார். அவர் கையில் தோடம்பழம் ஏறினால் சமையல்காரர் பின்கதவு வழியாகப் போய்விடுவார்.

என் பயிற்சி ஒரே ஒரு காலையில் முடிந்தது. அவரே என்னோடு நடந்து வந்து சொல்லிக்கொடுத்தார்.

"ஏத்தத்தில விருந்தாளிக்குப் பின்னால நடவும். இறக்கத்தில முன்னால நடவும். ஏன் எண்டு விளங்குதே?"

"மரியாதைக்குங்களா?"

"இல்லைக் காணும். ரெண்டிலயும் விழுந்தால் உம்மடை மேலதான் விழவேணும்."

விரலால் எதையும் சுட்டக் கூடாது. மடக்கிய குடையால் காட்ட வேண்டும். பனி உலர்ந்த பிறகே புறப்பட வேண்டும். கையில் எப்போதும் சுண்ணாம்பு முடிச்சு கட்டிய குச்சி இருக்க வேண்டும். அட்டை கடித்தால் அந்தக் குச்சியால் அட்டையைத் தொட்டால் போதும், தானே உதிரும்; சீமாட்டிகளிடம் மட்டும் அட்டை என்ற சொல்லை எடுக்காமல் தொட வேண்டும். கடைவீதி முதலில், பிறகு விகாரை, பிறகு ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் நின்று நமுனுகுல மலை, அதற்குப் பிறகு இறக்கம், கடைசியாக அரசாங்கத் தோட்டம். தோட்டம் ஏன் கடைசியில் என்றால் அங்கே பெஞ்சுகள் உண்டு. உட்கார்ந்த மனிதன் அதுவரை நடந்ததை எல்லாம் மன்னித்துவிடுவான் என்பது கந்தையாபிள்ளையின் அனுபவம்.

அரண்மனையைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்தது சுருக்கமானது. இந்த ஊவா நாட்டை ஆண்ட இளவரசரின் அரண்மனை இந்த ஊரில் இருந்தது நிச்சயம். எங்கே இருந்தது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று இடம் சொல்வார்கள். மூன்று இடத்தையும் குடையால் காட்டிவிட்டு நகர வேண்டும்.

கடைசியாக ஏற்றம். விகாரைக்குப் பின்னாலிருந்து உச்சிவரை செங்குத்தாகப் போகும் பாதை. அதன் நடுவழியில் நின்று அவர் சொன்னதுதான் என் தொழிலின் மூலமந்திரம்.

"இதில துரைமாருக்கு மூச்சு வாங்கும். ஆனா இளைச்சிட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். நிண்டு பாக்கிறதுக்கு ஏதாவது காட்டும்."

"என்னத்தைக் காட்ட?"

"அந்தா தெரியிற மலையை."

மலை அன்று தெரிந்தது. பதுளையில் வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம். அந்த நாட்களில் நடுவழியில் நின்று வெள்ளையாக இருக்கும் வெறுமையைக் குடையால் காட்டி, "இதற்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தேன். விருந்தினர்கள் என்னையே வெறித்துப் பார்த்தார்கள். நிற்காமல் ஏறிய ஒரு தடித்த துரை உச்சியில் முகம் நீலமாகிக் கால் மணி நேரம் புல்லில் கிடந்தார். இப்படி நான்கு வருடம் ஓடியது.

நடுவழியில் ஒரு தையல்காரர் வீடு இருந்தது. ஹமீது நானா, அவர் மனைவி, ஒரே மகள். வாசலில் தையல் இயந்திரம். இயந்திரத்துக்கு முன்னால் நீளமான கருங்கல் ஒன்று படியாகக் கிடந்தது. நன்றாகச் செதுக்கிய கல். நடுவில் மட்டும் லேசாகக் குழி விழுந்து வழவழப்பாக இருக்கும்.

ஒரு மூட்டமான காலையில் ஒரு துரையும் சீமாட்டியும் நடுவழிக்கு வந்தபோது இருவருக்கும் தோள்கள் ஏறி இறங்கின. காட்ட மலை இல்லை. என் குடை தானாக எழுந்து அந்தக் கல்லைக் காட்டியது. "இது இளவரசரின் அரண்மனை வாசற்படி" என்று யாரோ நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்கள். நான்தான். சீமாட்டி குனிந்து குழியைத் தொட்டார். "அரசிகளின் பாதம் பட்டுத் தேய்ந்தது" என்றேன். அவர்கள் ஐந்து நிமிடம் நின்றார்கள். மூச்சு சீராயிற்று. சீமாட்டியின் கண் கலங்கியது.

அவர்கள் சற்று முன்னே போனதும் ஹமீது நானா இயந்திரத்தை நிறுத்தினார்.

"தம்பி, என்ன சென்னீங்க அவங்களுக்கு?"

சொன்னேன்.

"அரசி பாதமா? அது எங்க வாப்பா காலத்துல இருந்து கத்தரிக்கோல் தீட்டுற எடம்."

"பொறுத்துக்குங்க நானா. அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்லின் கதையையும் சொன்னார். கோப்பிச் செடிகளெல்லாம் நோய் வந்து செத்தபோது, பசறைப் பாதையில் ஒரு தோட்டத்தில் காப்பிக்கொட்டை உலர்த்தி வைக்கும் கோப்பி ஸ்டோர் மூடிக் கிடந்ததாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித் தோட்டத்துத் துரை ஊருக்குள் செய்தி அனுப்பினார். எல்லாரும் தகரமும் மரமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய தகப்பனார் ஒரு நாள் தாமதித்துப் போனதால் கல்தான் மிஞ்சியது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லைப் பெயர்த்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்தப் படியில் நான் நிற்காத நடை இல்லை. முதல் வருடம் கூச்சம் இருந்தது. மூன்றாம் வருடம் அந்த அரண்மனைக்கு ஒரு கிழக்கு வாசலும் வந்துவிட்டது. விருந்தினர்கள் வாடிவீட்டுப் புத்தகத்தில் படியைப் பற்றி எழுதினார்கள். அதைப் படித்த கந்தையாபிள்ளை இராச்சாப்பாட்டு மேசையில் பெரிய மனிதர்களுக்கு அதையே எடுத்துச் சொன்னார். ஹமீது நானாவும் துரைமார் வரும் சத்தம் கேட்டால் கத்தரிக்கோலை மறைத்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் அரச வம்சமாக வைத்துக்கொள்வார்.

பதின்மூன்றாம் வருடம் கொழும்பிலிருந்து ஒரு துரை வந்தார். பழைய கட்டடங்களின் மிச்சம் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது அவர் வேலை. ஒல்லியானவர், சட்டைப் பையில் அளவு நாடா. ஏற்றத்தில் வெள்ளாடு மாதிரி ஏறினார். மூச்சு வாங்கவே இல்லை.

அன்றைக்கு நிற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பேசாமல் கடந்து போயிருக்கலாம். நடந்தது என்னவென்றால், எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, மூச்சு வாங்கியது எனக்குத்தான். கால் பழக்கத்தில் நின்றது. குடை பழக்கத்தில் எழுந்தது. வாய் பழக்கத்தில் கிழக்கு வாசல்வரை போனது.

துரை மண்டியிட்டு உட்கார்ந்தார். நாடாவை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தார். குழியின் ஆழத்தைக்கூட அளந்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துரை என் கையைக் குலுக்கியது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் உண்மை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஹமீது நானா வாடிவீட்டின் பின்வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லக் கேட்டார். அரண்மனை வாசல் இருந்த நிலம் அரசாங்கத்துக்குச் சேர்க்கப்படும். அதன் மேல் உள்ள வீடு மூன்று மாதத்தில் அகற்றப்பட வேண்டும். வேறு இடத்தில் துண்டு நிலம் கொடுக்கப்படும். எல்லைக்கல் நட அதிகாரி நேரில் வருவார். நான் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

"செல்லுங்க தம்பி. உங்க மொகம் பாதி செல்லிட்டிச்சு."

சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"புள்ளைக்கு நாலு மாசத்துல கல்யாணம் ஈக்குது. மாப்புள வூட்டுக்கு இந்த வாசல்தான் காட்டி ஈக்கிறேன்" என்றார். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "எங்க வாப்பா கல்லத்தான் கொண்டு வந்தாரு. ராசாவ நீங்கதான் கூட்டிக்கொண்டு வந்தீங்க. நீங்களே திருப்பி அனுப்பி வைங்க" என்றார்.

அன்று மாலை கந்தையாபிள்ளையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோடம்பழத்தை எடுத்தார். தோல் சுருளாக இறங்கிக்கொண்டே இருந்தது. பாதியில் அறுந்தது. பதினாறு வருடத்தில் அது அறுந்து நான் பார்த்ததில்லை.

"எத்தினை வருஷமாச் சொன்னீர்?"

"பன்னிரண்டு."

"நான் பத்து வருஷமாச் சொன்னனான். ஆரிட்டைக் கேட்டுச் சொன்னனான்? உம்மட்டை." உரித்த பழத்தைச் சாப்பிடாமல் தட்டில் வைத்தார். "ஏத்தத்தில ஏதாவது காட்டும் எண்டு நான்தானே சொன்னன். அந்த 'ஏதாவது' என்ரை பிழை. மிச்சம் உம்மடை பிழை. துரை வரேக்க அவருக்கு நேர சொல்லும். கடுதாசியில எழுதாதேயும், ஒளிக்கிறமாதிரி இருக்கும். வேலை போனால் நான் ஒண்டும் செய்யேலாது, விளங்குதே?"

விளங்கியது. அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே சாப்பிட்டேன். பயம் எனக்குப் பசியைக் கெடுப்பதில்லை, கூட்டும்.

துரை வந்தார். கல்லை அளந்துவிட்டுப் போன அதே கொழும்புத் துரைதான். எல்லைக்கற்களை ஏற்றிய வண்டி பின்னால் வந்தது. ஹமீது நானாவின் வாசலில், அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். அரண்மனை இல்லை, அரசி இல்லை, கத்தரிக்கோல் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலத்தைவிடத் தமிழ் நம்பத்தக்கது என்பதால் தமிழில் தருகிறேன்.

"இந்த வீட்டுக்காரர் உனக்கு நண்பரா?"

"ஆம், ஐயா."

"வீடு போகப்போகிறது என்று தெரிந்த பிறகு உனக்கு இந்த உண்மை ஞாபகம் வந்திருக்கிறது."

"ஆம், ஐயா."

"வாடிவீட்டுப் புத்தகத்தை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். ஒரு நீதிபதி எழுதியிருக்கிறார். ஒரு பாதிரியார் எழுதியிருக்கிறார். இன்று நீ சொல்வதை நம்பட்டுமா, பன்னிரண்டு வருடம் அவர்கள் எழுதியதை நம்பட்டுமா?"

என் பொய்க்கு அவ்வளவு பெரிய சாட்சிகள் இருந்தார்கள்; என் உண்மைக்கு நான் ஒருவன் மட்டும் அங்கே நின்றேன். அந்த நீதிபதிக்கு அந்த இடத்தில் எப்படி இரைத்தது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அதைப் புத்தகத்தில் அவர் எழுதவில்லை.

ஹமீது நானாவின் மனைவி கதவுக்குப் பின்னால் இருந்து கணவரிடம் சொன்னார்: "வாயால செல்லிக்கொண்டு நிக்கிறத வுட்டுட்டு அந்த ஸ்டோரக் கொண்டுபோய்க் காட்டச் செல்லுங்க. மத்தப் படியெல்லாம் அங்கதானே கெடக்கு."

பதினாறு வருடம் ஊரைக் காட்டிய எனக்கு அது தோன்றவில்லை.

பசறைப் பாதையில் அந்தத் தோட்டம் ஆறு மைல். துரை வண்டியை வேண்டாம் என்றார். நடந்தோம். ஏற்றத்தில் பின்னாலும் இறக்கத்தில் முன்னாலுமாக நடந்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் ஒரு இடத்தையும் காட்டவில்லை. வழியில் அருவி ஒன்று நல்ல அழகோடு விழுந்துகொண்டிருந்தது. அதைக் குடையால் காட்டக்கூட எனக்குத் துணிவில்லை. அவர் சாக்ஸில் ஏறிய அட்டையைச் சுண்ணாம்புக் குச்சியால் தொட்டபோது மட்டும் "நன்றி" என்றார்.

அந்தத் தோட்டத்தில் அப்போது எல்லாம் தேயிலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே பழைய ஸ்டோர் கூரையில்லாமல் நின்றது. சுவரை ஒட்டிப் படிகள். காலையில் ஆட்களை எண்ணும் பெரட்டு முடிந்து எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். கங்காணி ஒருவர் மட்டும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். துரையைக் கண்டு அவர் பதற, நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தப் படிங்களா? ஏழு இருந்துச்சுங்க. கீழேருந்து மூணாவது இல்லீங்க. நான் வந்த காலத்துல இருந்தே இல்லீங்க."

"யாரு கொண்டு போனாங்கன்னு தெரியுமா?"

"டவுன்லேருந்து ஒரு தையக்காரு வந்து தூக்கிட்டுப் போனாருன்னு எங்க மாமனாரு திட்டுவாருங்க. அந்தப் பொந்துல காலு மாட்டித்தான் அவரு முட்டி போச்சுங்க. அப்புறம் மண்ணக் கொட்டி மூடி வச்சோம்."

நான் அதை மொழிபெயர்க்கும்போது முட்டி விஷயத்தையும் விடாமல் சொன்னேன். கங்காணி மண்வெட்டியால் மண்ணை வாரினார். துரை மண்டியிட்டு உட்கார்ந்து பள்ளத்தை அளந்தார். மேல்படியை அளந்தார். கீழ்ப்படியை அளந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய கணக்கின் மேல் விரலை வைத்தார். திரும்ப ஒருமுறை அளந்தார். அந்த விரல் அசையும்வரை நான் சுவரில் வளர்ந்திருந்த புல்லை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அவர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

திரும்பி வரும் ஆறு மைலில் பாதி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "அந்தக் கல்லைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்?"

"அந்த இடத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், ஐயா."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "எனக்கு வாங்கவில்லையே."

"எனக்கு வாங்கியது."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எல்லைக்கல் வண்டி அன்று மாலையே திரும்பிப் போனது. ஒரு மாதத்தில் நிலத்தை விட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. கந்தையாபிள்ளைக்கு வந்த இன்னொரு கடிதத்தில், வாடிவீட்டு வழிகாட்டியை ஆறு மாதம் விருந்தினரோடு அனுப்பக் கூடாது என்று இருந்தது. அந்த ஆறு மாதமும் நான் பெட்டிகளைத் தூக்கினேன். பெட்டிகள் கேள்வி கேட்பதில்லை. என் வாழ்க்கையில் மிகவும் நேர்மையாக வேலை செய்த காலம் அதுதான்.

கல்யாணம் அந்த வீட்டு வாசலிலேயே நடந்தது. எனக்கும் அழைப்பு இருந்தது. சாப்பாடு முடிந்து புறப்படும்போது ஹமீது நானா கேட்டார்:

"இனி நம்ம வூட்டு முன்னுக்கு நிக்கவே மாட்டீங்களா, தம்பி?"

"நிக்க என்ன காரணம் சொல்றது, நானா? காட்ட ஒண்ணும் இல்லையே."

"மூச்சு வாங்கினா நில்லுங்க. அதுக்கு ராசா எதுக்கு?"

ஆறு மாதம் முடிந்து முதல் நடை. நான்கு விருந்தினர், மூட்டமான காலை. நடுவழியில் நின்றேன். குடையைக் கீழே ஊன்றிக்கொண்டு, "மன்னிக்க வேண்டும். எனக்கு இந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது" என்றேன். நான்கு பேரும் ஒரே குரலில், அவசரமே இல்லை, எனக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, இரைத்துக்கொண்டே அங்கங்கே உட்கார்ந்தார்கள். ஹமீது நானா கல்லில் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தேன். அந்த வருடங்களில் வாடிவீட்டுப் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியவர்கள் பலர். எல்லாக் குறிப்பின் சாரமும் ஒன்றே: வழிகாட்டி நல்ல மனிதர், பாவம், நுரையீரல் சரியில்லை.